துடுப்பா, சுக்கானா? வைகிங் கப்பலின் வலப்பக்கத்தில் தொங்கும் பலகை பற்றி ஒரு சந்தேகம்

#1 அரைகுறைத் தச்சன்

வணக்கம். மூன்று மாதமாக ராத்திரி நேரத்தில் ஒரு மரக் கப்பல் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். நார்வேயில் 1880இல் தோண்டி எடுத்த கோக்ஸ்டாட் என்ற கப்பலின் குட்டி வடிவம், பழைய வடஐரோப்பியக் கடலோடிகளான வைகிங்குகளுடையது. துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், நாம் ஒட்டிச் சேர்க்க வேண்டும். பலகை எல்லாம் முடிந்து நேற்றுச் சுக்கானுக்கு வந்தேன். வரைபடத்தில் அதைப் பின்புறத்தின் நடுவில் காட்டாமல், வலப்பக்க விலாவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்க்கப் பெரிய துடுப்பு மாதிரியே இருக்கிறது. படம் போட்டவர் தப்புச் செய்துவிட்டாரா, இல்லை நான்தான் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா?

இன்னொன்று. பெட்டியில் 32 துடுப்புகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நீளம் இல்லை. வெட்டிய இயந்திரத்தின் கோளாறா? பசை திறந்தே இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

#2 கலங்கரை

பசையை மூடி வையுங்கள். படம் சரி. வைகிங் கப்பல்களில் சுக்கான் வலப்பக்க விலாவில்தான் இருக்கும். அது துடுப்பு மாதிரி இருப்பதும் தற்செயல் இல்லை. பின்னால் நின்றவர் கையில் பிடித்திருந்த துடுப்பு, காலப்போக்கில் அகன்று, கப்பலோடு கட்டப்பட்டு, அப்படி ஆனது.

ஆங்கிலத்தில் கப்பலின் வலப்பக்கத்தை ஸ்டார்போர்டு என்கிறார்கள் அல்லவா? அதில் விண்மீன் எதுவும் இல்லை. 'ஸ்டியோர்' என்ற பழைய சொல்லுக்குச் செலுத்துவது என்று பொருள், 'போர்டு' என்றால் கப்பலின் பக்கம். ஜெர்மன்காரர்கள் இடப்பக்கத்தை 'பாக்போர்ட்' என்பார்கள், முதுகுப் பக்கம். வலப்பக்கச் சுக்கானைப் பிடித்து நிற்பவருக்கு முதுகு இடப்பக்கம்தானே இருக்கும். துறையில் அணையும்போது சுக்கான் நசுங்கக் கூடாது என்று இடப்பக்கத்தைக் கரையோடு சேர்ப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு முன்பு ஆங்கிலத்தில் லார்போர்டு என்று பெயர். காற்றில் கத்தும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்டதால் 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதை 'போர்ட்', அதாவது துறைப் பக்கம், என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை போட்டது. ஒரு பலகை மாட்டிய இடம் இத்தனை மொழிகளில் தழும்பு விட்டிருக்கிறது.

துடுப்பு நீளமும் கோளாறு இல்லை. கோக்ஸ்டாட்டின் அசல் துடுப்புகள் சுமார் 5.3 மீட்டர் முதல் 5.85 மீட்டர் வரை இருந்தன. கப்பலின் விளிம்பு நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் உயர்கிறது. உயரத்தில் உட்கார்ந்தவருக்குத் தண்ணீரைத் தொட நீளமான துடுப்பு வேண்டும். நீளமானவற்றை முன்னும் பின்னும் வையுங்கள்.

#3 சும்மா வந்தேன்

எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பக்கம் மட்டும் பலகையைத் தண்ணீரில் விட்டால் கப்பல் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு வட்டமடிக்காதா? சைக்கிளில் ஒரு பக்கம் குடம் கட்டினாலே நான் வேலியில் போய் விழுகிறேன்.

#4 கணக்கு வாத்தியார்

இழுக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பலகை நீரோட்டத்தின் திசையிலேயே நிற்கும்போது அதன் மீது படும் தடை மிகக் குறைவு. கப்பலின் நீளத்தோடு ஒப்பிட்டால் அது நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரமும் சிறியது. சுக்கானை ஒரு நூலளவு திருப்பி வைத்தால் அந்த இழுப்பு சரியாகிவிடும்.

முக்கியமான விஷயம் வேறு. விலாவில் தொங்கும் பலகையின் அச்சு, பலகையின் அகலத்துக்கு நடுவே போகிறது. திருப்பினால் அச்சுக்கு முன்னால் இருக்கும் பகுதியைத் தண்ணீர் ஒரு பக்கமும், பின்னால் இருக்கும் பகுதியை மறுபக்கமும் சுழற்றப் பார்க்கும். இரண்டும் ஏறக்குறையச் சமன்படுவதால் பிடித்திருப்பவரின் கைக்குப் பாரமே தெரியாது. கதவு மாதிரி ஓரத்தில் கீல் போட்டு மாட்டிய சுக்கானில் முழுப் பலகையும் அச்சுக்குப் பின்னால் கிடக்கிறது. தண்ணீரின் மொத்த அழுத்தமும் கைக்கு வந்து சேரும்.

இதைச் செய்தே பார்த்தவர்கள் உண்டு. கோக்ஸ்டாட் கப்பலைப் போல ஒன்று கட்டி, 1893இல் மாக்னஸ் ஆண்டர்சன் என்ற நார்வே மாலுமி பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போனார். சிகாகோ கண்காட்சிக்காக. போய்ச் சேர்ந்த பிறகு அவர் வியந்து பாராட்டியவற்றில் அந்தப் பக்கச் சுக்கானும் ஒன்று. மோசமான கடலிலும் ஒரே ஆள் பிடிக்க முடிந்ததாம்.

#5 எதிர்க்காற்று

பாராட்டு எல்லாம் சரி. அவ்வளவு நல்லதென்றால் ஏன் உலகமே அதைக் கைவிட்டது? இன்று எந்தக் கப்பலில் விலாவில் சுக்கான் இருக்கிறது?

பின்புற நடுச் சுக்கான் வந்த பிறகுதான் மனிதன் பெருங்கடலைத் தாண்டினான். லெஃபெவ்ர் தெ நோயெத் என்ற பிரெஞ்சு அதிகாரி 1935லேயே இதைத்தான் சொன்னார். பழங்காலத்தவர்கள் கரையை ஒட்டியே ஊர்ந்ததற்குக் காரணம் சரியான சுக்கான் இல்லாததுதான், சுக்கான் வந்ததும் புரட்சி நடந்தது என்று. அதைக்கூட ஐரோப்பியர் கண்டுபிடிக்கவில்லை. சீனர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். குவாங்சோவில் ஒரு ஹான் காலக் கல்லறையில் கிடைத்த சுடுமண் படகில் பின்புறச் சுக்கான் அழகாக இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு! ஐரோப்பாவில் அதைப் பார்க்க 12ஆம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டும்.

#6 கலங்கரை

எதிர்க்காற்று, மூன்று விஷயத்தை ஒரே சாக்கில் கட்டியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

சீனப் படகு முந்தியது என்பதில் சண்டையே இல்லை. குவாங்சோ சுடுமண் படகு, ஐரோப்பாவின் மிகப் பழைய சான்றுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் மூத்தது. ஐரோப்பியச் சான்றுகள் கிடைத்த இடம் வேடிக்கையானது: தேவாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் கல்தொட்டி. இங்கிலாந்தின் வின்செஸ்டரிலும் பெல்ஜியத்தின் செடெல்கெமிலும் இருக்கும் தொட்டிகளில், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செதுக்கிய கப்பலில் பின்புறச் சுக்கான் தெரிகிறது.

ஆனால் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. சீனக் கப்பலின் பின்புறம் தட்டையானது, கீல் மாட்டுவதற்கு அங்கே செங்குத்துக் கட்டை கிடையாது. சுக்கானைக் கயிற்றிலும் மரப் பிடிகளிலும் தொங்கவிட்டு, ஆழத்தில் இறக்குவார்கள், ஆழம் குறைந்தால் ஏற்றுவார்கள். இறக்கியபோது அது பக்கவாட்டில் நழுவாமலும் கப்பலைப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் பலகை முழுக்கச் சாய்சதுர ஓட்டைகள் போட்டிருப்பார்கள். ஓட்டை போட்டால் திருப்புவது லேசு, பிடிப்பும் பெரிதாகக் குறையாது. ஐரோப்பியச் சுக்கான் அப்படியே கதவு: இரும்பு முளை, இரும்பு வளையம், பின்புறக் கட்டையோடு நிலையான கீல். அதைப் பார்த்து இதைச் செய்தார்கள் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நடுவில் இன்னொருவரையும் மறந்துவிட்டோம். பத்தாம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர் அல் மக்திசி செங்கடல் பயணத்தைச் சொல்லும்போது, கப்பலைச் செலுத்தும் மீகாமன் பாய்மர உச்சியில் நின்று பாறைகளைப் பார்த்துக் கத்த, கீழே இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கயிற்றை இழுத்துச் சுக்கானைத் திருப்புவதாக எழுதுகிறார்.

பெருங்கடல் தாண்டிய கதைக்கு அப்புறம் வருகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது.

#7 கட்டுமரம்

பால் பொங்குவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். சுக்கான் வந்த பிறகுதான் மனிதன் பெருங்கடலைத் தாண்டினான் என்பதைப் பசிபிக் தீவுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து, இந்த முக்கோணம் முழுவதும் குடியேறியது நடுச் சுக்கான் இல்லாத படகுகளில். நீளமான செலுத்து துடுப்பு ஒன்றுதான். அதையே நிரூபிக்க 1976இல் ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகு ஹவாயிலிருந்து தஹிதி வரை போனது. மைக்ரோனேசியாவைச் சேர்ந்த மாவ் பியாலுக் விண்மீனையும் அலையையும் பார்த்தே வழி காட்டினார், கருவி எதுவும் இல்லை. வைகிங்குகளும் பக்கச் சுக்கானோடுதானே கிரீன்லாந்துக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள்?

அந்த மைக்ரோனேசியப் படகுக்கு இன்னொரு கூத்து உண்டு. ஒரு பக்கம் மட்டும் மிதவைக் கட்டை, அது எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து ஏறும்போது மற்றப் படகுகள் மூக்கைத் திருப்பும். இது திருப்பாது. பாயின் முன் நுனியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகின் மறுமுனையில் வைப்பார்கள். இதுவரை பின்புறமாக இருந்தது இப்போது முன்புறம்! இதில் சுக்கானைக் கீல் போட்டு எங்கே மாட்டுவீர்கள்? துடுப்பைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்கு நடக்க வேண்டியதுதான்.

அதனால் முன்னேற்றம், பின்னேற்றம் என்று ஏணி போடாதீர்கள். படகின் உடம்பு எப்படி, இறங்கும் கரை எப்படி, இவை இரண்டும்தான் சுக்கானின் இடத்தை முடிவு செய்கின்றன.

#8 எதிர்க்காற்று

பசிபிக் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்புதான் தீர்மானிக்கிறது என்றால், ஐரோப்பாவில் உடம்பு எப்போது மாறியது?

#9 கலங்கரை

நல்ல கேள்வி. பால் பொங்கிவிட்டது, போகட்டும்.

வைகிங் கப்பலின் பின்முனை வில் மாதிரி வளைந்து எழுகிறது. கதவுக்குக் கீல் வளைந்த நிலையில் மாட்ட முடியுமா? எல்லாக் கீல்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கதவு திரும்பும். வடகடலில் சரக்கு ஏற்றிய காக் என்ற கப்பலின் பின்புறக் கட்டை நேரானது, சற்றே சாய்ந்தது. அதில் கீல் உட்கார்ந்துவிட்டது. எல்பிங் நகரத்தின் 1242ஆம் ஆண்டு முத்திரையில் இப்படி ஒரு கப்பலைத் தெளிவாகப் பார்க்கலாம். 1380ஐ ஒட்டிக் கட்டிய காக் ஒன்று 1962இல் பிரேமன் அருகே வேசர் ஆற்றுச் சேற்றில் அகப்பட்டது.

இரண்டாவது காரணம் உயரம். சரக்கு கூடக் கூடக் கப்பலின் சுவர் உயர்ந்தது. உயர்ந்த சுவருக்கு வெளியே பக்கச் சுக்கானைத் தொங்கவிட்டால் அது மிக நீளமாக வேண்டும், கட்டும் இடத்தில் முறுக்கு அதிகமாகும். காற்றில் கப்பல் சாய்ந்தால் மேலெழும் பக்கத்துச் சுக்கான் தண்ணீரை விட்டே வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் மத்தியதரைக்கடல் கப்பல்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைத்திருந்தன. விவிலியத்தில் பவுல் போன கப்பல் கரைதட்டும் காட்சியில் (அப்போஸ்தலர் 27) சுக்கான் என்பது பன்மையில்தான் வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு சுக்கான் முறை அங்கே 14ஆம் நூற்றாண்டுவரை நின்றது. அப்புறம் வடக்கிலிருந்து காக் வந்தது. 1304இல் பயோன் நகரத்தார் அத்தகைய கப்பல்களில் ஜிப்ரால்டர் தாண்டி உள்ளே வந்ததாகவும், ஜெனோவா, வெனிஸ்காரர்கள் அதைப் பார்த்துக் கட்டத் தொடங்கியதாகவும் பிளாரன்ஸ் வரலாற்றாசிரியர் வில்லானி எழுதியிருக்கிறார்.

#10 கரையேறிய சுக்கானி

எல்லாருக்கும் வணக்கம். முப்பது வருடம் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவன். படித்துத் தெரிந்துகொண்டதில்லை, கையில் பட்டதைச் சொல்கிறேன்.

சுக்கான் தானாக எதையும் திருப்பாது. தண்ணீர் அதன் மீது ஓடினால்தான் அதற்கு உயிர். ஒருமுறை சரக்கில்லாமல் வெறும் கப்பலாக ஓர் ஆற்று முகத்துவாரத்தில் நுழைகிறோம். இயந்திரத்தை நிறுத்தி வேகம் தணிந்துகொண்டே வருகிறது. சக்கரத்தை முழுக்க வலப்பக்கம் சுற்றிவிட்டேன். முள் 35 பாகையில் நிற்கிறது, கப்பல் நின்ற மாடு மாதிரி அசையவில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, கரை மெதுவாகப் பெரிதாகிறது. வழிகாட்டி அதிகாரி ஒரே ஒரு நிமிடம் இயந்திரத்தை முன்னோக்கி உதைக்கச் சொன்னார். சுழலியின் தண்ணீர் சுக்கானில் அடித்ததும் கப்பல் சட்டென்று திரும்பியது. அன்றைக்கு வேர்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

துடுப்புக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நின்ற இடத்திலேயே படகைத் திருப்பும், ஏனென்றால் தண்ணீரை அதுவே தள்ளுகிறது. எங்கள் காலத்துத் திறந்த உயிர்காப்புப் படகில் சுக்கான் இருந்தும் தனியாக ஒரு செலுத்து துடுப்பும் கட்டாயம் வைத்திருப்போம். விதியே அப்படி. அலை உடையும் கரையில் பின்னாலிருந்து அலை தூக்கினால் சுக்கான் காற்றில் தொங்கும், நீளத் துடுப்பு மட்டும் தண்ணீரில் இருக்கும்.

#11 கட்டுமரம்

ஐயா சொன்னதற்கு ஒரு சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் திமிங்கில வேட்டைப் படகில் இரண்டும் இருந்தன. பாய் விரித்துப் போகும்போது சுக்கான். திமிங்கிலத்தை நெருங்கியதும் சுக்கானைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, ஏறக்குறைய 22 அடி நீளத் துடுப்பைப் பின்னால் நீட்டுவார்கள். ஈட்டி பாய்ந்த அடுத்த நொடி படகு பின்னால் விலக வேண்டுமே.

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் ஆளையும் மூட்டையையும் சுமந்த மசூலாப் படகும் அப்படித்தான். பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தது, ஆணி கிடையாது, உள்ளே விலாக்கட்டை கிடையாது. அலை அடித்தால் உடையாமல் நெளியும். அதற்குப் பின்னால் கீல் போட்டு ஒரு சுக்கான் மாட்டியிருந்தால் முதல் அலையிலேயே பிய்ந்திருக்கும். நீளத் துடுப்பால்தான் செலுத்தினார்கள்.

#12 சொல்வேட்டை

நீங்கள் எல்லாரும் துடுப்பு, துடுப்பு என்று ஒரே சொல்லை வைத்து இரண்டு சாமானைப் பேசுகிறீர்கள், படிப்பவர் குழம்புவார். ஒன்று கையில் சும்மா பிடித்து, முன்னால் பார்த்து உட்கார்ந்து தள்ளுவது. மற்றது படகின் விளிம்பில் கொண்டியிலோ துளையிலோ பொருத்தி, பின்னால் பார்த்து உட்கார்ந்து வலிப்பது. முதலாவதில் நெம்புகோலின் தாங்குபுள்ளி உங்கள் கை, இரண்டாவதில் படகின் விளிம்பு. இரண்டாவதற்குத் தமிழில் தண்டு என்ற சொல் இருக்கிறது, தண்டு வலித்தல் என்பது அந்த வேலை. வலிப்பது என்றால் இழுப்பது. சொல்லே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. துடுப்பு என்பது கிண்டும் அகப்பைக்கும் பெயர், அதையும் மறக்க வேண்டாம்.

சுக்கான் நம் சொல் இல்லை, அரபி. சுக்கானி என்ற வேலைப் பெயரை ஆங்கிலேயர் கேட்டு 'சீகன்னி' என்று எழுதினார்கள். ஏதோ கடல்கன்னி என்று நினைத்துவிடாதீர்கள், மீசை வைத்த ஆள்தான். மாலுமியும் அரபி 'முஅல்லிம்', கற்பிப்பவர். நமக்கென்று இருந்த சொல் நீகான், மீகான், மீகாமன். அகநானூற்றின் 255ஆம் பாடலில் இரவில் மாடத்து விளக்கொளியைப் பார்த்து நீகான் கப்பலைச் செலுத்துகிறான்.

கொடுத்ததும் உண்டு. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது, வில்லியம் டாம்பியர் 1697இல் எழுதிவிட்டார். ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடம்புப் பாய்ப்படகு, பசிபிக் வகையின் உறவு. நம்முடையது கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. பெயர் இங்கிருந்து, உடம்பு அங்கிருந்து. கட்டுமரம் என்று பெயர் வைத்துக்கொண்டு இதை நீங்களே சொல்லியிருக்க வேண்டாமா தம்பி?

#13 கட்டுமரம்

அக்கா விட்டு வைத்தால்தானே!

#14 புதுமுகம்

தண்டு வலிப்பது பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பழைய கிரேக்கக் கப்பல்களில் அடிமைகளைச் சங்கிலியில் கட்டி, முரசு அடித்து, சாட்டையால் விளாசுவார்களே, அவர்களால் எவ்வளவு வேகம் போக முடிந்தது?

#15 கலங்கரை

சினிமா செய்த வேலை. ஏதென்ஸ் நகரத்தின் மூவரிசைக் கப்பலில் 170 பேர் தண்டு வலித்தார்கள், மேலடுக்கில் 62, நடுவில் 54, கீழே 54. பெரும்பாலும் சுதந்திர மனிதர்கள், கூலி வாங்குபவர்கள். கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்புக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு திராக்மா வெள்ளிக் காசு. கி.மு. 406இல் ஆள் பற்றாக்குறையில் அடிமைகளை ஏற்றினார்கள், ஜெயித்த பிறகு விடுதலை கொடுத்தார்கள். சங்கிலியும் சாட்டையும் கைதிகளும் 15ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த, ஆங்கிலத்தில் 'கேலி' (galley) எனப்படும் தண்டு வலிக்கும் கப்பல்களின் கதை.

அவர்கள் ஏன் உயிரைக் கொடுத்து வலித்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். கி.மு. 427இல் மித்திலின் நகரத்து ஆண்கள் எல்லாரையும் கொல்லும்படி ஏதென்ஸ் சபை முடிவு செய்து ஒரு கப்பலை அனுப்பியது. மறுநாள் மனம் மாறி, முதல் கப்பலைத் தடுக்க இரண்டாவதை அனுப்பியது. அந்த ஆட்கள் வலித்துக்கொண்டே, மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவைச் சாப்பிட்டார்கள், முறைபோட்டுத் தூங்கினார்கள். முதல் கப்பலோ கொடிய வேலைக்குப் போகிறோம் என்று ஆற அமரப் போயிருக்கிறது. ஆணை வாசித்து முடித்த நேரத்தில் இரண்டாவது வந்து சேர்ந்தது.

வேகமா? அதே மாதிரி ஒலிம்பியாஸ் என்ற கப்பலை 1987இல் கிரேக்கக் கடற்படைக்குக் கட்டிப் பார்த்தார்கள். குறுகிய ஓட்டத்தில் 9 நாட், அதாவது மணிக்கு 9 கடல்மைல் வரை போனது.

#16 கணக்கு வாத்தியார்

அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் இயந்திரவியல் கேள்விகளில் இந்த இழைக்கே தேவையான இரண்டு இருக்கின்றன. கப்பலின் நடுவில் உட்கார்ந்து வலிப்பவர் மட்டும் ஏன் மற்றவரைவிட அதிகம் தள்ளுகிறார்? இத்தனை பெரிய கப்பலை முனையில் கிடக்கும் சின்னச் சுக்கான் எப்படித் திருப்புகிறது? இரண்டுக்கும் நெம்புகோல் என்று பதில். நடுவில் கப்பல் அகலம், தண்டின் உள்பக்க நீளம் அதிகம் என்று முதலாவதை விளக்குகிறது.

இரண்டாவது கேள்விக்கு அந்தப் பதில் பாதிதான் சரி. சுக்கான் கப்பலின் மூக்கைத் திருப்புவதில்லை, வாலைத் தள்ளுகிறது. வலப்பக்கம் திரும்பும் கப்பலின் பின்புறம் முதலில் இடப்பக்கம் நகரும். அப்படிக் கோணலாக நிற்கும் கப்பலின் உடம்பின் மீது தண்ணீர் மோதித்தான் மீதித் திருப்பம் நடக்கிறது. தவிர, சுக்கானின் விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால்வாசி. சுக்கானி ஐயாவுக்கு அன்று வேர்த்ததற்குக் காரணம் இது.

#17 ஒற்றைக்கோல்

எல்லாரும் தண்டையும் சுக்கானையும் தனித்தனியாகவே பேசுகிறீர்கள். இரண்டும் ஒரே கட்டையாக இருக்கும் படகுகள் எனக்குப் பிடித்தவை.

சீனத்து 'லூ'வை எடுங்கள். படகின் பின்னால் ஒரு குமிழில் உட்காரும் நீளமான, லேசாக வளைந்த கட்டை. கைப்பிடியைத் தளத்தோடு ஒரு கயிறு இணைக்கும். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே இடமும் வலமுமாக ஆட்டுவார்கள். ஒவ்வொரு வீச்சிலும் அலகு சாய்ந்து மீனின் வால் போலப் படகை முன்னே தள்ளும். வீச்சை ஒரு பக்கம் அழுத்தினால் திரும்பும். 'ஒரு லூ மூன்று துடுப்புக்குச் சமம்' என்று அவர்கள் பழமொழி.

வெனிஸ் கொண்டோலா இன்னும் விசித்திரம். ஒரே ஆள், வலப்பக்கத்தில் மட்டும் துடுப்பு. வட்டமடிக்க வேண்டும் அல்லவா? அதற்காகப் படகையே கோணலாகக் கட்டுகிறார்கள். இடப்பாதி வலப்பாதியைவிட 24 சென்டிமீட்டர் அகலம். துடுப்பை வைக்கும் முட்டு அக்ரூட் மரத்தில் செதுக்கிய சிற்பம் மாதிரி இருக்கும். அதன் ஒவ்வொரு வளைவிலும் துடுப்பை மாற்றி வைத்தால் முன்னே, பின்னே, மெதுவாக, திரும்ப என்று வேலை மாறும். அதைப் பார்த்த பிறகு 'கியர்' கண்டுபிடித்தவர் மீது எனக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

மியன்மரின் இன்லே ஏரியில் மீனவர் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைத் துடுப்பில் சுற்றி வலிக்கிறார். நின்றால் தண்ணீர்ப் புல்லுக்கு மேல் பார்க்கலாம், இரண்டு கையும் வலைக்கு.

#18 சும்மா வந்தேன்

சுக்கானி ஐயாவிடம் ஒரு கேள்வி. டைட்டானிக்கில் பனிமலை தெரிந்ததும் அதிகாரி 'ஸ்டார்போர்டு' என்று வலப்பக்கம் திருப்பச் சொன்னார், கப்பலோ இடப்பக்கம் திரும்பியது, ஆள் பதற்றத்தில் தப்பாகச் சுற்றிவிட்டார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நிஜமா?

#19 கரையேறிய சுக்கானி

அதை நம்பாதீர்கள் தம்பி. சக்கரம் பிடித்தவர் சரியாகத்தான் செய்தார்.

பழைய கப்பலில் சக்கரம் கிடையாது. சுக்கானின் தலையில் ஒரு கைத்தடி செருகியிருக்கும். தடியை வலப்பக்கம் தள்ளினால் பலகை இடப்பக்கம் போகும், கப்பலும் இடப்பக்கம் திரும்பும். ஆணை என்பது தடியை எங்கே தள்ள வேண்டும் என்பதற்கான சொல். 17ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் அந்தத் தடியைக் கீழ்த்தளத்தில் வைத்து, மேல்தளத்திலிருந்து இன்னொரு நெட்டுக் கழியால் ஆட்டினார்கள். 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய ஸ்வீடன் கப்பல் வாசாவில் அது உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரம் வந்தது. சக்கரம் வந்தும் ஆணை மட்டும் தடியின் கணக்கிலேயே நின்றுவிட்டது. 1912இல் 'ஸ்டார்போர்டு' என்று கத்தினால் கப்பலை இடப்பக்கம் திருப்பு என்று அர்த்தம், எல்லாச் சுக்கானிக்கும் தெரியும். 1929இல் நடந்த சர்வதேச மாநாட்டுக்குப் பிறகு, 1930களில்தான் ஆணையும் கப்பல் திரும்பும் பக்கமும் ஒன்றாயின.

இப்போதைய விதி தெரியுமா? முழு வேகத்தில் போகும்போது சுக்கான் ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்கு 28 நொடிக்குள் வர வேண்டும். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் சோதிப்போம். 35க்கு மேல் திருப்பி லாபம் இல்லை, தண்ணீர் பலகையை விட்டுப் பிரிந்துபோகும்.

#20 எதிர்க்காற்று

நான் தொடங்கிய சண்டைக்கு நானே முடிவு சொல்லிக்கொள்கிறேன். சீனர் முந்தியவர்கள் என்பதை விடமாட்டேன். 'புரட்சி' என்ற சொல்லை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கணக்கு வாத்தியார் சொன்ன கைப்பாரக் கணக்கைப் படித்த பிறகு இன்றைய கப்பல்களின் படத்தைத் தேடிப் பார்த்தேன். பலவற்றில் சுக்கானின் ஒரு பகுதி அச்சுக்கு முன்னால் நீண்டிருக்கிறது. வைகிங்கின் விலாவில் இருந்த சமநிலை, நடுக்கோட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

#21 கணக்கு வாத்தியார்

சமநிலைச் சுக்கான் என்று பெயர். சீனர் அதையும் வைத்திருந்தார்கள். சாங் அரச மரபின் காலத்தில் சாங் செதுவான் என்ற ஓவியர் தீட்டிய ஆற்றங்கரை ஓவியச் சுருளில் பாருங்கள், படகின் பின்னால் அச்சுக்கு இருபுறமும் பலகை நீண்டிருக்கும். உங்களுக்கு இன்னொரு புள்ளி.

#22 எதிர்க்காற்று

எடுத்துக்கொண்டேன்.

#23 அரைகுறைத் தச்சன்

ஒரு சுக்கான் எங்கே ஒட்டுவது என்று கேட்டேன், மூன்று நாள் வேலை கெட்டது. எல்லாருக்கும் நன்றி.

கலங்கரை சொன்னபடி நீளத் துடுப்புகளை இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் தண்ணீர்க் கோட்டை ஒரே இடத்தில் தொடுகின்றன. சுக்கானை ஒட்டவில்லை. அசலில் விலாவில் ஒரு மரக் குமிழ், சுக்கான், குமிழ், கப்பல் மூன்றையும் ஊடுருவி ஒரு முறுக்கிய கொடி, உள்ளே முடிச்சு, விளிம்பில் இன்னொரு பட்டை. கரையேறும்போது சுக்கானின் அடியைத் தூக்கிக்கொள்ளலாமாம். நானும் அப்படியே குமிழில் துளை போட்டு நூலில் கட்டிவிட்டேன். கைத்தடியை ஒரு விரலால் தட்டினால் போதும், திரும்புகிறது.

இனிமேல்தான் சோதனை. பக்கத்துக்கு 32 கேடயம், மொத்தம் 64, கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி அடிக்க வேண்டும். சுக்கான் இருக்கும் இடத்தில் கேடயம் வருமா, அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்களா? கலங்கரை, பால் ஆறிய பிறகு பதில் போடுங்கள்.